பேராச்சியின் பிரேக்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. தாராவி தொண்ணூறடி ரோட்டில் என் காரேஜைத் தேடி வருகிறவர்களுக்கு, "வானமாமலை அண்ணாச்சி கடையா? எங்க ஏச்சுச் சத்தம் கேக்குதோ அங்க போங்க" என்றுதான் வழி சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சத்தம் போடாத மெக்கானிக் ஒருவனை எனக்குக் காட்டுங்கள், பிறகு பேசுவோம். ஆனால் என்னையும் வாயடைக்க வைக்கிற ஒரு மனுஷி இந்தப் பம்பாயில் இருக்கிறாள். பெயர் பேராச்சி. வீடு கோவண்டியில், பிழைப்பு வாஷியில். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பேராச்சி கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். புருஷன் பூதத்தானுக்குத் தோல் பட்டறையில் வேலை. நல்ல மனுஷன், ஆயுசுதான் கெட்டியில்லை. மகள் ஷாலினி பால்வாடிக்குப் போகிற வயசில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஊருக்கு வந்துவிடு என்று அண்ணன்காரன் ஆள் அனுப்பினான். "அங்க வந்து யாரு வீட்டுச் சட்டியக் கழுவச் சொல்லுதான்?" என்று கேட்டு அந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள். கருமாதி முடிந்த கையோடு இட்லி அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடக்க ஆரம்பித்தாள்.

மாட்டுங்காவில் ஜகந்நாதன் என்று ஒரு வாடிக்கைக்காரர். பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பில்டிங் காம்பவுண்டில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பழைய வேன் நின்றது. அறுபத்தொன்பதாம் வருஷத்து ஜெர்மன் வண்டி. அவரும் அவர் சம்சாரமும் அந்தக் காலத்தில் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, கோவா, ஊட்டி என்று சுற்றியவர்கள். அந்த அம்மா போன பிறகு அவர் சாவியைத் தொடவில்லை. ஒருநாள் பேராச்சி அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, தார்ப்பாயை விலக்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளே அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, குழாய், விரித்தால் கட்டிலாகிற பெஞ்சு.

"சார், இது வண்டியா வீடா?"

"ரெண்டும்தான்."

"அடுப்பு எரியுமா சார்?"

வண்டி ஓடுமா என்று அவள் கேட்கவே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு இட்லி கொடுக்கும்போதெல்லாம் அந்த அடுப்பைப் பற்றியே பேச்சு. கடைசியில் அவரே ஒருநாள், "எடுத்துண்டு போ பேராச்சி. இங்க புறாதான் குடித்தனம் பண்றது" என்று சொல்லி, பேப்பரை அவள் பேருக்கு மாற்றியும் கொடுத்துவிட்டார். என்ன விலை என்று என்னிடம் கேட்காதீர்கள். அது அவர்கள் ரெண்டு பேர் பாடு.

வண்டியைக் கயிறு கட்டி என் காரேஜுக்கு இழுத்து வந்தாள். முன்பக்கம் பார்த்தேன், எஞ்சின் இல்லை. பின்பக்கம் திறந்தேன், எஞ்சின் இருந்தது, ரேடியேட்டர் இல்லை. எவனோ கழற்றி விற்றுவிட்டான் என்று நினைத்து, முகம் தெரியாத அந்தத் திருடனின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசிக்கொண்டே வண்டிக்கு அடியில் தேடினேன். அந்த எஞ்சினுக்குத் தண்ணீரே கிடையாது, விசிறிக் காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும் என்று அப்புறம்தான் புரிந்தது. பேராச்சி ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். "இல்லாத சாமானுக்கா அண்ணாச்சி இம்புட்டு ஏச்சு?" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாக என் வாய் அடைத்தது.

நாற்பது வயசுக்கு மேல் வண்டி ஓட்டப் படித்தாள். குடித்தனத்தைக் கோவண்டிக்கு மாற்றிக்கொண்டாள். அங்கிருந்து கிளம்பி, கடல் கழி மேலே போகிற பாலத்தைத் தாண்டி, வாஷியில் ஆபீஸ்கள் இருக்கிற தெருவில் ஒரு மரத்தடியில் வண்டியைப் போடுவாள். வண்டி அடுப்பிலேயே பணியாரக் கல்லை வைத்துச் சுடச்சுட எடுத்துக் கொடுப்பாள். அந்தப் பணியாரத்தில் ஷாலினி பிகாம் படித்தாள், இன்று வாஷியிலேயே ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறாள்.

கொரோனா வந்த வருஷம் எனக்கும் வந்தது. ஒரு மத்தியானம் மூச்சு நின்று நின்று வந்தது. நெஞ்சு மேலே கீழே போகிறது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு என் சம்சாரம் விஜயலட்சுமி போன் போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டாள். டாக்ஸி கிடையாது, ஆட்டோ கிடையாது, அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. யாரையும் குறை சொல்ல மாட்டேன், பயம் அப்படி. விஜயலட்சுமி கடைசியாகப் பேராச்சிக்குப் போட்டாள். முகத்தில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வந்தவள், பெஞ்சை விரித்து என்னைப் படுக்க வைத்தாள். முதல் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்றார்கள். ரெண்டாவதில் கேட்டையே திறக்கவில்லை. மூன்றாவதில் கேட்டுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தி, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் இருந்திருக்கிறாள். அவர்கள் வெளியே வந்து என்னை எடுத்துப் போய் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்று நான் நின்று கத்துகிறேன் என்றால் அது அவள் கொண்டுபோய்க் கொடுத்த மூச்சு.

குணமாகி வந்ததும் நன்றி சொல்லத்தான் வாஷிக்குப் போனேன். "பேராச்சி, அன்னைக்கு நீ மட்டும் வரலைன்னா" என்று ஆரம்பித்தேன். "சட்னி காரமா இருக்கான்னு பாருங்க அண்ணாச்சி" என்று தட்டை நீட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை ஆரம்பித்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் சட்னிதான் பதில்.

போன வருஷம் செம்பூர் நாக்கா சந்திப்பில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு ஸ்கூட்டர் அவளை அடித்துப் போட்டது. வலது முழங்காலில் பிளேட் வைத்தார்கள். பழையபடி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அந்த வேனின் பிரேக் இருக்கிறதே, அது பழைய காலத்துப் பிரேக். காலில் எவ்வளவு பலமோ அவ்வளவுதான் பிடிக்கும். வாஷி பாலத்தில் இறங்கும்போது முன்னால் வண்டிகள் நின்றால், ஸீட்டை விட்டு எழும்பி உடம்பு மொத்தத்தையும் பெடலில் போட வேண்டும். பேராச்சி அப்படித்தான் போட்டாள். சாயங்காலம் முழங்கால் வீங்கிப் போய் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் ஷாலினி வண்டியில் கூடப் போயிருக்கிறாள். பாலத்தில் இறங்கும்போது அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டாள்.

அந்தப் பெண்ணைத் தப்புச் சொல்ல முடியாது. ஏற்கெனவே அப்பா இல்லை. பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கிற பூனாக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். அந்த வார ஆரம்பத்தில் பேராச்சி என் காரேஜ் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, பிரேக்கு லேசா ஆவணும். சனிக்கிழமைக்குள்ள ஆச்சுன்னா வண்டி எனக்கு. ஆவலைன்னா சாவியக் குடுத்துருதேன்னு பிள்ளைகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"டிரைவர் வச்சுக்கிட்டாத்தான் என்னட்டி?"

"ஸ்டியரிங்கப் பிடிச்சாத்தான் அண்ணாச்சி நான் பேராச்சி. பின்னால ஒக்காந்தா நானும் சாமானோட சாமான்."

அன்றைக்கு இரண்டாவது தடவையாக வாய் அடைத்தது. ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாமல்? உயிரைக் கொடுத்தவள் ஒரு பிரேக் கேட்கிறாள்.

இதற்குத் தேவை பூஸ்டர். புதுக் கார்களில் எல்லாம் பிறக்கும்போதே இருப்பது. குர்லாவில் பழைய பிரேக் சாமான் கடை வைத்திருக்கிற ஹாஃபிஸாவிடம் போய், பெடலை விட்டுத் தள்ளி எங்கே வேண்டுமானாலும் பூட்டக்கூடிய ஒரு பூஸ்டரை எடுத்து வந்தேன். உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். வண்டித் தரைக்கு அடியில் பூட்டினேன். எஞ்சின் பின்னால் இருக்கிறது, பூஸ்டர் முன்னால் இருக்கிறது. வண்டி நீளத்துக்கும் இரும்புக் குழாய் ஓட்டி, காற்று ஒரு பக்கமாக மட்டும் போகிற வால்வு ஒன்றை எஞ்சின் பக்கத்தில் போட்டேன். பேராச்சி தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதையும் விளக்காமல் வேலை செய்ய முடியாது.

"இந்தா பாரு, இது ஒரு தகர டப்பா. நடுவுல ரப்பர்த் தட்டு. உள்ள இருக்கிற காத்த எஞ்சின் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நீ பெடல்ல கால வச்சதும், தட்டுக்கு இந்தப் பக்கம் வெளிக்காத்து உள்ள வரும். வந்து அந்தத் தட்டத் தள்ளும். ஒன் காலு சைகை காட்டினாப் போதும், காத்துதான் வேலை பாக்கும்."

"வெளிக்காத்து எங்கன கூடி வரும்?"

"இதுதான் மூக்கு" என்று காட்டினேன். விரல் நீளத்துக்கு ஒரு மூடி, அதில் பொடிப்பொடியாக ஓட்டைகள், உள்ளே தூசி வராமல் இருக்கக் கம்பளித் துண்டு. மழைத் தண்ணீர் ஏறிவிடக் கூடாதென்று அதை மட்டும் குழாய் போட்டு மேலே கொண்டுவந்து, டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதித்து இறுக்கினேன். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கியது. பூஸ்டர் வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். விஜயலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன், பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தெருவில் போன ஒரு தபால்காரரையும் விடவில்லை.

என் காரேஜில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை போடாமல் எந்த வண்டியும் வெளியே போகாது. சந்தனத்தை நானேதான் குழைப்பேன், கெட்டியாக இருக்கும், காய்ந்தாலும் உதிராது. எஞ்சின் மூடி, ஸ்டியரிங், சக்கரங்கள், புதிதாக ஏறிய சாமான் என்று தொட்ட இடத்துக்கெல்லாம் சந்தனம் வைத்து மேலே குங்குமம். பொட்டு வைத்துவிட்டால் அந்த இடத்து வேலை முடிந்தது என்று கணக்கு, அப்புறம் அதைத் தொடக் கூடாது. சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பேராச்சி நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். பக்கத்தில் நான், பின்பெஞ்சில் ஷாலினி.

முதல் தடவை பிரேக் நன்றாகப் பிடித்தது. பேராச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த தடவை கொஞ்சம் இறுகியது. குயவர்கள் இருக்கிற கும்பார்வாடா பக்கம் திரும்பும்போது, பானை அடுக்கிய ஒரு கைவண்டி சந்திலிருந்து குறுக்கே வந்தது. பேராச்சி மிதித்தாள். பெடல் பழையபடி கல்லாகிவிட்டது. எழுந்து நின்று ஒற்றைக் காலில் மொத்த பாரத்தையும் போட்டாள். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பானை ஒன்றும் உடையவில்லை. அவள் வாயிலிருந்து மட்டும் "யம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

"மம்மி, போதும்! அப் நஹீ, இனி வேண்டாம்!" என்று ஷாலினி அழுதுவிட்டாள். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. இந்தக் காலும் போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

பேராச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியை நான்தான் காரேஜுக்குத் திருப்பி ஓட்டி வந்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. சனிக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியிலும் உள்ளேயுமாகக் கிடந்தேன். எஞ்சின் பக்கம் குழாயைக் கழற்றிக் கட்டைவிரலை வைத்தேன், நன்றாக உறிஞ்சியது. பூஸ்டர் பக்கம் வைத்தேன், அங்கேயும் உறிஞ்சியது. வால்வு சரி, ரப்பர் சரி, ஒழுக்கு எங்கேயும் இல்லை. பிறகு ஏன் பிடிக்க மாட்டேன் என்கிறது சனியன்? ஹாஃபிஸாவுக்குப் போன் போட்டு, ஒடசல் சாமானைத் தலையில் கட்டிவிட்டாய் என்று கத்தினேன். "சாச்சா, சாமான் சரி. உங்க கைவேலையப் பாருங்க" என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டாள். விஜயலட்சுமி சாப்பிடக் கூப்பிட்டாள், அவளையும் ஏசினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிவிட்டு அவள் தட்டை மூடி வைத்துப் போனாள்.

கோபமெல்லாம் மேல்பூச்சு. உள்ளே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்காக அவள் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள். அவளுக்காக ஒரு பெடலை லேசாக்க என்னால் முடியவில்லை.

சாயங்காலம் பேராச்சி வந்தாள். கையில் பெரிய பை. "சாமானெல்லாம் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. காலைல அந்த ஆளு வாராருல்லா" என்றாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பணியாரக் கல்லை எடுத்துப் பையில் வைத்தாள். கரண்டி, எண்ணெய்க் கிண்ணம், டப்பாக்கள். பிறகு டிரைவர் ஸீட்டில் ஏறி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஸீட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருந்த துணியை எடுக்கத் திரும்பியவள் அங்கே எதையோ உற்றுப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது மூக்குன்னுதான சொன்னிய?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"மூக்குல யாராவது பொட்டு வைப்பாவளா? மூச்சு முட்டாது?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். மூடி ஓட்டைகள் அத்தனையும் மறைகிற மாதிரி, என் கையால் குழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம், அழகாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து அதைத் தாண்டித்தான் நூறு தடவை குனிந்திருப்பேன். பொட்டு வைத்த இடமாயிற்றே, முடிந்த வேலையாயிற்றே என்று கண் அதைத் தொடவே இல்லை. மூடியைக் கழற்றினேன். சந்தனம் ஈரமாக இருந்தபோதே உள்ளே இழுபட்டு, கம்பளித் துண்டு முழுக்க ஊறி இறுகிக் கிடந்தது. மூச்சு முட்டினால் என்ன ஆகும் என்று இந்தத் தாராவியில் என்னைவிடத் தெரிந்தவன் யார்? எனக்கு மூச்சு வாங்கிக் கொடுத்த வண்டியின் மூக்கை நானே அடைத்து வைத்திருக்கிறேன்.

மூடியைக் கழுவினேன், புதுக் கம்பளித் துண்டு போட்டேன். அவளையே மிதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். "அண்ணாச்சி, எறங்குது!" என்று கத்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். சத்தம் கேட்டு வந்த விஜயலட்சுமி விஷயத்தைக் கேட்டதும், "நெத்திக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ளட்டும், அன்றைக்கு அவள் என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு இனித்திருக்கும். ஹாஃபிஸாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவளும் சிரித்தாள்.

போனில் சேதி கேட்டு வந்த ஷாலினி மட்டும் சிரிக்கவில்லை. "ப்ரிட்ஜ்ல எறங்கிப் பாப்போம் மாமா. அங்க மம்மிக்கு வலிச்சா வண்டி போயிடும்" என்றாள். நியாயம்தான். நான் முந்தின நாளும் இப்படித்தான் தெருவையே கூட்டிக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். பேராச்சி ஓட்டினாள், நான் பக்கத்தில், ஷாலினி பின்னால் போனைக் கையில் பிடித்தபடி. பூனாக்காரர் கிளம்பட்டுமா என்று செய்தி அனுப்பியிருந்தார். பாலத்தில் ஏறும்போது எனக்கு அடக்க முடியவில்லை. இன்றைக்கு அவள் கையில் சட்னித் தட்டு இல்லை, ஓடவும் வழியில்லை.

"பேராச்சி, நீ எனக்கு உயிரக் குடுத்தவ. இத்தன வருசமாச் சொல்ல விட மாட்டேங்கியே. இப்பச் சொல்லிட்டேன்."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தாள். "அன்னைக்கு கண்ணாடிய ஒங்க பக்கமாத் திருப்பி வச்சிருந்தேன் அண்ணாச்சி" என்றாள். "நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துப் பாத்து ஓட்டுனேன். பின்னால என்ன வண்டி வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. அதப் பேசினா மறுபடியும் அந்தக் கண்ணாடிதான் கண்ணுல வரும். அதாம் பேச விட மாட்டேன்."

பாலம் இறங்க ஆரம்பித்தது. முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். ஸீட்டை விட்டு எழும்பவில்லை. முந்தானை பல்லுக்குப் போகவில்லை. வண்டி நின்றுவிட்டது. பின்னால், பையிலிருந்து மறுபடி அடுப்பு மேலே ஏறியிருந்த பணியாரக் கல் நகரக்கூட இல்லை.

"வலிக்கல" என்றாள். எனக்கா, ஷாலினிக்கா, தனக்கா என்று தெரியவில்லை. "வலிக்கல அண்ணாச்சி. சத்தியமா வலிக்கல."

பின்னாலிருந்து ஷாலினி எழுந்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அந்தச் சத்தத்திலேயே பூனாக்காரருக்குப் போன் போட்டு, "ஸாரி பாய்சாப், காடி பேச்னே கா நஹீ ஹை" என்று, வண்டி விற்பதற்கு இல்லையென ஷாலினியே சொல்லி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாஷியில் ஆபீஸ் ஒன்றும் கிடையாது, தெருவே காலியாகக் கிடந்தது. இருந்தாலும் பேராச்சி வழக்கமான மரத்தடியில் வண்டியைப் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். முதல் ஈடு பணியாரம் எனக்கு. கண்ணைத் துடைத்தபடி சாப்பிட்டேன்.

"சட்னி காரமா இருக்கா அண்ணாச்சி?"

"காரமெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் அழுதது நன்றியில" என்றேன். அன்றைக்கு அவளுக்குத்தான் வாய் அடைத்தது. இன்னும் ரெண்டு பணியாரத்தை என் தட்டில் வைத்தாள்.